புதிய கருவா, உறைய வைத்த கருவா: குழந்தையின் நலன் நோக்கில்

சோதனைக்குழாய் முறையில் உருவான கருவை அதே மாதச்சுழற்சியிலேயே கருப்பைக்குள் வைப்பது ஒரு வழி. உறைய வைத்துப் பின்னொரு சுழற்சியில் வைப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் முதல் குழந்தை 1984இல் மெல்போர்னில் பிறந்தது.

உடனடியாக வைக்கும்போது, சினைப்பையைத் தூண்டச் செலுத்திய மருந்துகளால் ஹார்மோன் அளவு மிக உயர்ந்திருக்கும் கருப்பையில் கரு பதிய வேண்டியுள்ளது, குறைப்பிரசவமும் 2.5 கிலோவுக்குக் குறைவான எடையும் இவ்வழியில் சற்று அதிகமாகக் காணப்படுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

உறைந்த கருவில் இந்த இடர் குறைகிறது. அதனாலேயே அது மேலானது என்று முடிவுகட்டுவது அவசரம். கர்ப்பகால அளவுக்கு மீறிய எடையுடன் குழந்தை பிறப்பதும், தாய்க்கு உயர் இரத்த அழுத்தம் ஏற்படுவதும் இங்கே கூடுதல். குறிப்பாக, கருமுட்டை வெளியேற்றமின்றி ஹார்மோன் மருந்துகளால் மட்டுமே கருப்பையின் உட்படலத்தைத் தயார்செய்யும் சுழற்சிகளில், கார்ப்பஸ் லூட்டியம் (கருமுட்டை வெளியேறியபின் சினைப்பையில் தோன்றி ஹார்மோன் சுரக்கும் திசு) உருவாகாததால், இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் அதன் சுரப்புகள் தாய்க்குக் கிடைப்பதில்லை. மாதச்சுழற்சி ஒழுங்காக உள்ள பெண்ணுக்கு இயல்பான சுழற்சியையே பயன்படுத்துவது பொருத்தம் என்பது என் கருத்து. சினைப்பை மிகைத்தூண்டல் அபாயம் உள்ளவருக்கோ, உறைய வைப்பதே பாதுகாப்பு.

எவ்வழியாயினும், ஒரே நேரத்தில் இரண்டு கருக்களை வைப்பதால் உண்டாகும் இரட்டைக் கர்ப்பம் குழந்தைகளுக்குத் தரும் இடர், மேற்சொன்ன வேறுபாடுகளைவிடப் பெரிது.