சென்னை பால்கனியில் ஆந்தூரியம்: சில கோடைகள் கடந்த பிறகு

ஆந்தூரியம் என்ற பூச்செடியை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் விசாரிப்பது அவர்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றித்தான். எல்லாரும் வெயிலை நினைத்துப் பயப்படுகிறார்கள். வெயிலுக்கு நிழல் கொடுத்துவிடலாம். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புக்கு அப்படிச் சுலபமான வழி கிடையாது.

எங்கள் வீடு திருவான்மியூரில், இரண்டாவது மாடி, கிழக்கு பார்த்த பால்கனி. எதிரே நாலு மாடிக் கட்டிடம் நிற்பதால் காலையில் கொஞ்ச நேரம் வெயில் சாய்வாக உள்ளே வரும். அப்புறம் நாள் முழுக்க வெளிச்சம் மட்டும்தான். மல்லியும் செம்பருத்தியும் அங்கே இலை விட்டதோடு சரி, பூக்கவே இல்லை. அந்த அரைநிழலுக்கு என்ன பூக்கும் என்று தேடித்தான் ஆந்தூரியத்துக்கு வந்தேன். கொரோனா ஊரடங்கு எல்லாம் ஓய்ந்த பிறகு ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரியில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். அம்மா பார்த்துவிட்டு, "வாசனையும் இல்ல, தலையிலயும் வைக்க முடியாது. இதுக்கா 350 ரூபா குடுத்த?" என்றார். நியாயமான கேள்வி. பூ என்றால் தொடுத்து வைப்பதற்கு என்று நினைக்கும் வீட்டில் இந்தச் செடி கடைசிவரை விருந்தாளிதான். வருகிறவர்கள் தொட்டுப் பார்த்து "பிளாஸ்டிக்கா?" என்று கேட்பதும் இன்னும் நிற்கவில்லை.

இதன் பூர்வீகம் கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் மழைக்காடுகள். மரக்கிளைகளிலும் மக்கிய இலைகளுக்கு நடுவிலும் வேர்விட்டு வளரும். அங்கே மழைக்குக் குறைவில்லை, ஆனால் வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்காது. அந்த மழையில் உப்பும் இல்லை. நிழல், ஈரக் காற்று, நல்ல தண்ணீர், வேருக்குக் காற்றோட்டம் இந்த நாலும்தான் செடி கேட்பது. இதில் ஈரக் காற்றைச் சென்னை தாராளமாகவே தருகிறது. நாம் புழுக்கம் என்று திட்டுவது இதற்குச் சுகம். அதே காரணத்தால் ஏசி அறைக்குள் வைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தால் செடி சாகாது, பச்சையாக இருக்கும், ஆனால் பூ குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். 'இன்டோர் பிளான்ட்' என்று விற்பதை நம்பி உள்ளே வைத்தவர்கள் பலரும் சொல்லும் புகார் இதுதான். செய்தித்தாளைச் சிரமமில்லாமல் படிக்கிற அளவு வெளிச்சம் பகல் முழுக்க விழ வேண்டும், நேர் வெயில் மட்டும் கூடாது. வணிகரீதியாக வளர்ப்பவர்கள் 75 சதவீத நிழல்வலைக்குக் கீழே வளர்க்கிறார்கள். மேற்குப் பார்த்த பால்கனிக்காரர்களுக்கு வலை கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது தண்ணீர். எங்கள் அபார்ட்மெண்ட் போர்வெல்லில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் லிட்டருக்கு 1,100 மில்லிகிராமை ஒட்டிக் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை அனுமதி. மனிதருக்கே இப்படி. அந்தத் தண்ணீரை ஊற்றி வந்த மாதங்களில் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது, இலை நுனிகள் பழுப்பாகக் கருகின, புது இலைகள் சிறுத்தே வந்தன. வெயிலில் கருகும் இலையில் நடுவில் வெளுத்த திட்டு விழும். உப்பில் கருகும் இலை நுனியிலும் ஓரத்திலும் ஆரம்பிக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்வார்கள். பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது, ஆந்தூரியத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

நான் நிலைத்தது ஏசித் தண்ணீரில். காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் உப்பே இருக்காது என்று சொல்லலாம். எங்கள் மீட்டரில் 30-ஐத் தாண்டியதில்லை. கோடையில் செடிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும்போதுதான் ஏசியும் அதிகம் ஓடுகிறது என்பது வசதி. ஒரே ஒரு விஷயம்: அதில் சுண்ணாம்புச் சத்தும் கிடையாது. அதனால் மெட்ரோ வாட்டர் வரும் நாட்களில் இடையிடையே அதையும் ஊற்றுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர் இருக்கவே இருக்கிறது. 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பெரும்பாலான கட்டிடங்களில் மொட்டைமாடியிலிருந்து குழாய் இறங்குகிறது. முதல் மழையின் அழுக்கைப் போகவிட்டு, அடுத்ததில் ஒரு டிரம் பிடித்து மூடி வைத்தால் போதும். மூடாவிட்டால் கொசு.

கலவையைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். நர்சரிக்காரர் செம்மண்ணும் மாட்டுச் சாணமும் போடச் சொன்னார். சென்னை மழையில் அது களிமண் மாதிரி இறுகிவிடும். நான் போடுவது தேங்காய் மட்டைத் துண்டு பாதி, மீதியில் கரியும் உடைத்த செங்கலும், மேலே ஒரு கைப்பிடி மண்புழு உரம். மட்டையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும், அதற்குள்ளும் உப்பு இருக்கிறது. கரி முன்பெல்லாம் தெருமுனை இஸ்திரி வண்டியில் கிடைத்தது. அவர் கேஸுக்கு மாறிவிட்டார், இப்போது காசு கொடுத்து பாக்கெட்டில் வாங்க வேண்டியிருக்கிறது. தொட்டியில் பக்கவாட்டிலும் ஓட்டை இருக்கட்டும். உரம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19, லிட்டருக்கு அரை கிராம். அதற்கு மேல் போட்டால் அதுவும் உப்புதான்.

பூவுக்கு வருகிறேன். சிவப்பாகப் பளபளப்பது உண்மையில் பூ இல்லை, நிறம் மாறிய ஓர் இலை. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் புள்ளி புள்ளியாக நெருங்கியிருப்பவைதான் பூக்கள். அந்தத் தண்டில் சில நாள் சின்னச் சின்ன ஈரத் துளிகள் தெரியும், அப்போது சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் பகுதி, தயார். மகரந்தம் அதற்குப் பிறகே வரும். அந்தச் சிவப்பு மடல் வாடுவதும் மெதுவாகத்தான். செடியிலேயே விட்டால் எங்கள் வீட்டில் ஒரு பூ ஒன்றரை, இரண்டு மாதம் நிற்கிறது. சிவப்பு மங்கிப் பச்சை ஏறும்போது காம்போடு வெட்டிவிடுவேன்.

பூக்கும் வயதுக்கு வந்த செடியில் ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பூ வரும். அதனால் 'பூ வரவில்லை' என்று 'பூ மருந்து' வாங்கி அடிப்பதில் அர்த்தமில்லை. புது இலை வருகிறதா, அது முந்தைய இலையைவிடப் பெரியதா என்று பார்த்தால் போதும். எங்கள் செடியில் ஒரு தண்டுக்கு வருஷத்தில் ஐந்தாறு இலை, கிட்டத்தட்ட அதே அளவு பூ. கார்த்திகையிலிருந்து பங்குனி வரை வருபவை பெரியவை. சித்திரை, வைகாசியில் செடி சும்மா உட்கார்ந்திருக்கும். கடல்காற்று மதியத்துக்குள் வந்துவிடும் நாட்களில் பிரச்சினை இல்லை. மேற்குக் காற்று அனலாக அடித்து, கடல்காற்று தாமதமாகும் நாட்களில்தான் இலை ஓரம் சுருளும். அப்போது சுவரோரம் தள்ளி, பக்கத்தில் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைப்பேன். இலை மேல் மத்தியான வேளையில் தெளிப்பதில்லை.

பூச்சி பெரிதாக வராது. மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, சாயங்காலம் சோப்புக் கரைசலோடு வேப்பெண்ணெய். பயப்பட வேண்டியது பாக்டீரியா கருகல் நோய்க்கு: இலை ஓரத்தில் நீர் கோத்த மாதிரி திட்டு, சுற்றிலும் மஞ்சள், அப்புறம் கருப்பு. அதற்கு மருந்தில்லை. பிறகு வேறொரு கடையில் வாங்கிய வெள்ளை ஆந்தூரியம் அந்த நோயோடுதான் வந்திருக்க வேண்டும், மழைக்காலத்தில் முழுச் செடியும் போனது. கத்தரியையும் துடைத்து, தொட்டியையும் தூக்கிப் போட்டேன். அந்த வெள்ளைச் செடியைத் தனியாகச் சில வாரம் வைத்துப் பார்த்ததால் சிவப்புச் செடி தப்பித்தது.

குழந்தை, பூனை, நாய் இருக்கும் வீட்டில் எட்டாத இடம் வேண்டும். இது சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பம். இலையைக் கடித்தால் அதே ஆக்சலேட் ஊசிகள், வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். வெட்டும்போது சாறு பட்டால் எனக்கு மணிக்கட்டு அரிக்கிறது.

கடைக்காரர் சொல்லாத இன்னொன்று, செடி உயரமாகிக்கொண்டே போகும். அடி இலைகள் உதிர்ந்து, மொட்டைத் தண்டின் மேல் கொத்தாக இலை நிற்கும், இடையில் வேர்கள் காற்றில் தொங்கும். பார்க்க நன்றாக இராது. வேர்கள் இருக்கும் இடத்துக்குக் கீழே வெட்டி, மேல்பகுதியைப் புதுக் கலவையில் இறக்கினால் பிடித்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் அடிக்கட்டையிலிருந்தும் கன்று வரும், அது பூக்க ஒரு வருஷத்துக்கு மேலாகும். ஆடி, ஆவணியில் செய்வது எனக்குச் சரிப்பட்டது.

தண்ணீர் கொடுக்க ஏசியோ மழை டிரம்மோ இல்லாமல் போர்வெல்லை மட்டும் நம்பியிருப்பவர்கள் இதில் பணம் போட வேண்டாம். நல்ல வெயில் வரும் மாடி இருப்பவர்களுக்கும் தேவையில்லை, அரளியும் இட்லிப்பூவும் இதைவிட அதிகம் பூக்கும். அரைநிழல் பால்கனிக்காரர்கள் வாங்கலாம். பொங்கலையொட்டி வாங்கினால் கோடைக்கு முன் செடி ஊன்றிக்கொள்ள மூன்று மாதம் கிடைக்கும். கடையில் நாலு பூ விரிந்த செடியைவிட, ஒரு பூவும் சுருள் பிரியாத புது இலையும் உள்ள செடியை எடுங்கள். தொட்டியைச் சாய்த்து அடி ஓட்டையைப் பாருங்கள், வேர் நுனி வெளுப்பாகத் தெரிந்தால் சரி. கருத்து அழுகல் வாடை அடித்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.