போதைச் சிகிச்சையை மருத்துவர் கற்க எட்டு மணி நேர வகுப்பா, வாராந்திர கலந்தாய்வா?

அமெரிக்காவில் ஓபியாய்டு (ஹெராயின் போன்ற அபினி வகைப் போதைப்பொருள்) பழக்கத்துக்கு அடிமையானவருக்கு, அதிலிருந்து மீட்கும் பியூப்ரினார்ஃபின் என்ற மருந்தை எழுதிக்கொடுக்க, குடும்ப மருத்துவர் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி எட்டு மணி நேர வகுப்பு முடித்துத் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் அந்த அனுமதி முறை ஒழிந்தது; எட்டு மணி நேரப் பயிற்சி மட்டும் வேறு வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே நாளில் முடியும், மருந்தியல் புரியும். அவ்வளவுதான்.

நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா 2003இல் ஹெபடைடிஸ் சி நோய்க்காகத் தொடங்கிய எக்கோ என்ற காணொளிக் கலந்தாய்வு முறை பின்னர் போதைச் சிகிச்சைக்கும் வந்தது. சிற்றூர் மருத்துவர் தன் நோயாளியின் நிலையை (பெயரைத் தவிர்த்துத்தான்) காணொளியில் விவரிப்பார். வல்லுநர்களும் பிற ஊர் மருத்துவர்களும் துருவிக் கேட்பார்கள்.

போதை இறங்கத் தொடங்கி, கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரித்த கைகளுடன் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பியூப்ரினார்ஃபின் மாத்திரையை இப்போதே கொடுக்கலாமா? போதை போதுமான அளவு இறங்குமுன் அவசரப்பட்டால் மருந்தே அவருடைய அவதியைப் பன்மடங்காக்கிவிடும். என்றோ எழுதிய வகுப்புக் குறிப்பைவிட, போன வாரம் இதே சிக்கலைப் பேசிய சக மருத்துவரின் சொல்தான் அப்போது தைரியம் தரும். வெளியே நோயாளிகள் காத்திருக்க, வாரந்தோறும் கலந்தாய்வுக்கு நேரம் ஒதுக்குவது லேசான காரியமில்லை. இருந்தாலும் என் வாக்கு எக்கோவுக்கே.