பிளெண்டர் பைத்தான்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு, ஒரு கன்ட்ரோல்-இசட் புகாருடன்

பிளெண்டர் என்ற முப்பரிமாண (3டி) மென்பொருளில் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதப் பழகலாமா, அதை நம்பி அலுவலகத்தில் நாலு பேர் பயன்படுத்துகிற ஆட்-ஆன் (மென்பொருளோடு சேரும் கூடுதல் கருவி) செய்யலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மென்பொருளையும் அதன் ஸ்கிரிப்டிங் டேபையும் திறந்து பார்த்தவர்களுக்கான பதிவு இது, அடிப்படைகளுக்குள் போகவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் தன் உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுகளைப் பயனரின் ஸ்கிரிப்டுக்கு இவ்வளவு தாராளமாகத் திறந்துவிட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2.5 வரிசையில் உள்கட்டமைப்பை மாற்றி எழுதியபோது ஆர்என்ஏ என்றொரு அடுக்கைக் கொண்டுவந்தார்கள். கோப்பில் சேமிக்கப்படும் சி மொழி ஸ்ட்ரக்டுகள் டிஎன்ஏ. அவற்றின் உறுப்புகளுக்குப் பெயர், வரம்பு, அலகு, டூல்டிப், மதிப்பு மாறினால் ஓட வேண்டிய ஃபங்ஷன் என எல்லாவற்றையும் அறிவிப்பது ஆர்என்ஏ. திரையில் இருக்கும் ஸ்லைடரும் அந்த அறிவிப்பைத்தான் படிக்கிறது, உங்கள் ஸ்கிரிப்டும் அதைத்தான் படிக்கிறது. பேனல்களின் அமைப்பே பைத்தானில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, மெனுவில் இருக்கிறது ஆனால் ஸ்கிரிப்டில் கிடைக்கவில்லை என்ற நிலை அபூர்வம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பிரிஃபரன்ஸ், இன்டர்ஃபேஸ் பகுதியில் பைத்தான் டூல்டிப்ஸ், டெவலப்பர் எக்ஸ்ட்ராஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள். பிறகு ஒரு பொருளின் லொகேஷன் எக்ஸ் பெட்டியில் ரைட் கிளிக் செய்து 'காப்பி ஃபுல் டேட்டா பாத்' கொடுத்து, பைத்தான் கன்சோலில் ஒட்டுங்கள். டேட்டாவுக்குள் ஆப்ஜெக்ட்ஸ், அதற்குள் க்யூப், அதன் லொகேஷன், அதில் சுழியாவது உறுப்பு என்று முழு விலாசமும் வந்து விழும். பட்டனின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-சி அழுத்தினால் அது அழைக்கும் ஆபரேட்டரின் (ஒரு கட்டளையைச் செய்யும் நிரலின்) பைத்தான் வரி கிடைக்கும். 'எடிட் சோர்ஸ்' கொடுத்தால் அந்த பேனலை வரைந்த நிரலே டெக்ஸ்ட் எடிட்டரில் திறக்கும். ஆவணத்தைப் புரட்டாமல் பாதி ஏபிஐயை (மென்பொருள் ஸ்கிரிப்டுக்குத் திறந்துவைக்கும் இடைமுகத்தை) இப்படியே கற்றுக்கொள்ளலாம்.

இனி என் ஓயாத எரிச்சல். ஸ்கிரிப்டில் ஒரு ஆப்ஜெக்டை மாறியில் வைத்துக்கொள்கிறீர்கள். பயனர் கன்ட்ரோல்-இசட் அழுத்தி, செய்ததைத் திரும்பப் பெறுகிறார், அதாவது அன்டூ செய்கிறார். அந்த மாறி இனி செல்லும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஆப்ஜெக்ட் மோடில் அன்டூ என்பது நினைவகத்தில் வைத்திருக்கும் முந்தைய நிலைக் கோப்பை மறுபடி படிப்பதுதான். படிக்கும்போது பொருள்கள் வேறு முகவரிக்குப் போய்விடலாம். ஆப்ஜெக்ட், மெஷ் போன்ற தலைமை டேட்டா-பிளாக் (கோப்பில் தனிப் பெயரோடு இருக்கும் அலகு) என்றால் 'ஸ்ட்ரக்ட்ஆர்என்ஏ நீக்கப்பட்டுவிட்டது' என்று ரெஃபரன்ஸ் எரராவது வர வாய்ப்புண்டு. அதற்கு உள்ளே இருக்கும் ஒரு வெர்டெக்ஸ் (மெஷ்ஷின் ஒரு முனைப்புள்ளி), ஒரு கீஃப்ரேம் (அனிமேஷனில் மதிப்பு குறித்துவைத்த ஒரு கணம்), கலெக்ஷன் ப்ராபர்ட்டியின் ஓர் உறுப்பு ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால் எந்தக் கண்காணிப்பும் கிடையாது. எரர் வராது, பிளெண்டரே மூடிக்கொள்ளும், பயனர் சேமிக்காத வேலையோடு சேர்த்து.

2.83க்கு முன் இது பெரும்பாலும் எப்போதுமே உடையும். அதனால் சோதனையிலேயே பிடித்துவிடலாம். அதன் பிறகு அன்டூவை வேகப்படுத்தினார்கள். மாறாத டேட்டா-பிளாக்குகள் அதே முகவரியில் தங்கிவிடுகின்றன. வேகம் வரவேற்கத்தக்கது. ஆனால் இப்போது உங்கள் மேசையில் பத்துத் தடவை அன்டூ செய்தாலும் ஒன்றும் ஆகாது. பயனர் கையில் உடையும். அதிகாரபூர்வ ஆவணமே, சுட்டிகள் (பொருள் இருக்கும் நினைவக முகவரியைக் காட்டுபவை) தங்கலாம், எந்த உத்தரவாதமும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. லிப்ரே ஆபிஸின் ஸ்கிரிப்ட் இடைமுகமான யூஎன்ஓவில் மூடப்பட்ட ஆவணத்தைத் தொட்டால் 'டிஸ்போஸ்டு' என்று எக்ஸெப்ஷன் வரும், பிடித்துக்கொள்ளலாம். அந்தக் குறைந்தபட்ச மரியாதையைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

கன்ட்ரோல்-இசட் அழுத்தாமலேயே அன்டூ நடக்கும் இடமும் உண்டு. உங்கள் ஆபரேட்டரில் ரெஜிஸ்டர், அன்டூ இரண்டு கொடிகளும் இருந்தால், ஓடி முடிந்ததும் இடது கீழ் மூலையில், அல்லது எஃப்9 அழுத்தினால், 'அட்ஜஸ்ட் லாஸ்ட் ஆபரேஷன்' பெட்டி வரும். அதில் ஸ்லைடரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் பிளெண்டர் அன்டூ செய்துவிட்டு உங்கள் எக்ஸிக்யூட் ஃபங்ஷனை மறுபடி ஓட்டுகிறது. முதல் ஓட்டத்தில் ஒரு டிக்ஷனரியில் பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தீர்கள் என்றால் இரண்டாவது ஓட்டத்தில் அதில் இருப்பது பழைய சுட்டிகள். 'ஸ்லைடரை இழுத்தா க்ராஷ் ஆகுது' என்ற புகார்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சமாளிக்கும் வழிகள் இருக்கின்றன. பொருளை வைக்காமல் பெயரை வைத்துக்கொண்டு தேவைப்படும்போது தேடி எடுக்கச் சொல்வார்கள். தமிழில் பெயர் வைப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 4.x வரிசை வரை பெயருக்கு உச்சவரம்பு 63 பைட். யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்கும், துணைக்குறிக்கும், புள்ளிக்கும் தலா 3 பைட். 'மீனாட்சியம்மன் கோபுரம்' என்று பெயர் கொடுத்துப் பாருங்கள்: 21 குறியீடுகளும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 64 பைட். கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு 'மீனாட்சியம்மன் கோபுரம' என்று நிற்கும். நீங்கள் கொடுத்த பெயரில் தேடினால் கீ எரர். 5.0இல் வரம்பை 255 பைட் ஆக்கியது பெரிய நிம்மதி. அப்போதும் அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் .001 ஒட்டிக்கொள்ளும். ஆகவே எந்தப் பதிப்பானாலும் நீங்கள் கொடுத்த சரத்தை நம்பாமல், உருவாக்கிய பிறகு பொருளின் நேம் ப்ராபர்ட்டியைத் திரும்பப் படித்து அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்ல வழி, சீனில் ஒரு பாயின்டர் ப்ராபர்ட்டி (வேறொரு பொருளைச் சுட்டும் பண்பு) வைப்பது. அதை அன்டூவிலும் சேமிப்பிலும் பெயர்மாற்றத்திலும் பிளெண்டரே பார்த்துக்கொள்ளும். விலை ஒன்று உண்டு: அந்தப் பாயின்டரும் பொருளைப் பயன்படுத்தும் ஒரு 'யூசராக'க் கணக்கில் ஏறும். பயனர் பொருளை டெலிட் செய்தாலும் அது கோப்புக்குள் உயிரோடு இருக்கும். உங்கள் ஆட்-ஆன் கண்ணுக்குத் தெரியாத பொருளில் வேலை செய்துகொண்டிருக்கும். தொடுவதற்கு முன் யூசர்ஸ் சீன் பட்டியல் (பொருள் எந்தச் சீன்களில் இருக்கிறது என்ற பட்டியல்) காலியா என்று பாருங்கள். தற்காலிகச் சேமிப்பு எதுவாக இருந்தாலும் அன்டூ போஸ்ட், ரீடூ போஸ்ட், லோட் போஸ்ட் ஹேண்ட்லர்களில் (அந்தந்த நிகழ்வு முடிந்ததும் ஓடும் ஃபங்ஷன்களில்) காலி செய்யுங்கள். ஹேண்ட்லருக்கு பெர்சிஸ்டென்ட் டெகரேட்டர் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த கோப்பைத் திறந்ததும் ஹேண்ட்லரே போய்விடும்.

தமிழ் மெனு வைப்பவர்களுக்கு இன்னொன்று. ஈனம் (enum) ப்ராபர்ட்டியின், அதாவது பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பண்பின், பட்டியலை ஃபங்ஷன் மூலம் கொடுத்தால், அது திருப்பித் தரும் சரங்களை நீங்களே ஒரு குளோபல் லிஸ்டில் பிடித்து வைக்க வேண்டும். பிளெண்டர் நகலெடுத்து வைப்பதில்லை. விட்டுவிட்டால் மெனுவில் குப்பை எழுத்துகள் வரும், சில நேரம் க்ராஷ். தெரிந்த பிழை என்று ஆவணத்திலேயே போட்டிருக்கிறார்கள், அப்படியே கிடக்கிறது.

பதிப்பு மாற்றங்களைப் பற்றி அதிகம் புலம்பப் போவதில்லை. 4.0இல் பிரின்சிபிள்டு ஷேடரின் (பொருளின் மேற்பரப்புத் தோற்றத்தைத் தீர்மானிப்பது) 'டிரான்ஸ்மிஷன்' சாக்கெட் 'டிரான்ஸ்மிஷன் வெயிட்' ஆனது, 4.1இல் மெஷ்ஷின் ஆட்டோ ஸ்மூத் போனது. வெளியீட்டுக் குறிப்பில் முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள், படித்தால் சரிசெய்துவிடலாம்.

யாரும் கிளிக் செய்யாத இடத்தில் இந்த ஏபிஐ தங்கம். பேக்ரவுண்ட் மோடில் (திரை இல்லாமல் கட்டளை வரியிலிருந்து ஓட்டும்போது) முதலில் கோப்பு, பிறகு பைத்தான் எக்ஸிட் கோட் 1, பிறகு ஸ்கிரிப்ட், கடைசியில் இரட்டைக் கோடு போட்டு உங்கள் ஆர்க்யூமென்ட்கள். வரிசை முக்கியம்: ஸ்கிரிப்டை முன்னால் போட்டால் கோப்பு திறப்பதற்குள் அது ஓடிவிடும். எக்ஸிட் கோடை விட்டால், ஸ்கிரிப்ட் பாதியில் செத்தாலும் ஷெல்லுக்கு வெற்றி என்றே செய்தி போகும். ஆபரேட்டரை லூப்பில் அழைத்து ஆயிரம் க்யூப் போடாதீர்கள், ஒவ்வொரு அழைப்புக்கும் சீன் புதுப்பிக்கப்பட்டு வேலை இழுத்துக்கொண்டே போகும். டேட்டா வழியாக ஆப்ஜெக்டை உருவாக்கி கலெக்ஷனில் லிங்க் செய்யுங்கள். வெர்டெக்ஸ்களை ஒவ்வொன்றாகத் தொடாமல் ஃபோர்ஈச் கெட், ஃபோர்ஈச் செட் மூலம் நம்பை (NumPy) அர்ரேயாக எடுங்கள்.

நண்பருக்கு என் பதில்: இவ்வளவு புகழ்ந்த பிறகும், நாலு பேர் உட்கார்ந்து பயன்படுத்தும் ஆட்-ஆனை இதில் எழுதாதீர்கள். அவர்கள் சேமிக்காத கோப்பு போனால் திட்டு உங்களுக்குத்தான் விழும், பிளெண்டருக்கு அல்ல. இரவில் தானாக ஓடும் ரெண்டர், எக்ஸ்போர்ட் வேலைகளுக்கு என்றால் இன்றே தொடங்குங்கள். மேலாளர் ஆட்-ஆன்தான் வேண்டும் என்று நின்றால், ஒரு எல்டிஎஸ் (நீண்ட நாள் ஆதரவு தரும்) பதிப்பைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோசேவ் இடைவெளியை 1 நிமிடமாகக் குறைத்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.