மார்ஸ் நாணய நகல்கள்: கழுகு அருமை, கிளை ஏமாற்றம்

புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில், போர்க் கடவுள் மார்ஸ் உள்ள மூன்று ரோமானிய நாணயங்களின் நகல்களை 450 ரூபாய்க்கு வாங்கினேன். பள்ளியில் வரலாறு எடுப்பவள் நான். ரோமானியரோடு வணிகம் நடந்த அரிக்கமேடு பற்றிய பாடத்தின்போது பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்றுதான்.

கி.மு. 211 வாக்கில் வெளியான தங்க நாணயத்தின் நகல் அருமை. மார்ஸின் தாடியும் தலைக்கவசமும் அவ்வளவு தெளிவு. பின்பக்கக் கழுகின் இறகுகளை எண்ணிவிடலாம். ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நாணயம் பரவாயில்லை.

மனசு கேட்காதது கல்லியெனஸ் நாணயம்தான். ஓயாத போர்களுக்கு நடுவே ஆட்சி செய்த ரோமானியப் பேரரசர் அவர். மார்ஸை அமைதி தருபவராக, கையில் ஆலிவ் கிளையோடு பொறித்தார். நகலில் அந்தக் கிளை மழுங்கி வாள் போலத் தெரிகிறது. கிளை போனால் நாணயத்தின் பொருளே போயிற்று. லென்ஸ் வைத்துக் காட்டினேன். “அச்சைத் திருத்தச் சொல்றேன் டீச்சர்” என்றார் கடைக்கார அண்ணன்.

அப்புறம், மூன்றிலும் ‘நகல்’ என்ற முத்திரை இல்லை. அரிக்கமேடு பார்க்க வருபவர்களிடம் யாராவது அசல் என்று விற்றுவிடலாம். விளிம்பில் கட்டாயம் பொறிக்க வேண்டும். இப்போதைக்குக் கழுகு நாணயத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள், தனியாக 150 ரூபாய்.