காவடியைப் படமெடுக்க எந்த வீடியோ கேமரா: சோனியா, கேனானா?

தைப்பூசத்துக்குக் காவடியைப் படம்பிடிக்கணும், கையில் காசு கொஞ்சம்தான் என்று மொரீஷியஸின் கத்ர் போர்ன் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டார். செகண்ட் ஹேண்டில் இந்த இரண்டைத்தான் பார்க்கச் சொன்னேன்: சோனி சிஎக்ஸ்405, கேனான் எச்எஃப் ஆர்800.

ஜூம்: சோனி 30 மடங்கு, கேனான் 32. பெரிய வித்தியாசமில்லை. மலைக்கோவில் படிக்கட்டின் அடியில் நின்றே, மேலே ஏறுபவர் தோளிலுள்ள பால்செம்பை நிறைத்து எடுக்கலாம்.

கையாள: சோனி எடை குறைவு, யூஎஸ்பி ஒயர் கைப்பட்டையிலேயே இருக்கும். கேனானில் தொடுதிரை.

இருட்டு: இரண்டுக்கும் சென்சார் (ஒளியை வாங்கும் சில்லு) சிறியது, படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும்.

ஒலி: என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். சோனியில் வெளி மைக் செருக வழியே இல்லை. தவில் பக்கத்தில் முழங்கி, காற்றும் அடித்தால் ஓதுவார் குரல் அமுங்கிவிடும். கேனானில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் துளை உண்டு, கேட்டுக்கொண்டே எடுக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். கேனான் ஆர்800 அமெரிக்க மாடல், அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் மின்சார விளக்குக்கு ஏற்ற வேகத்தில் படமெடுக்கும். மொரீஷியஸ் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டும் பொருந்தாததால் கோவில் டியூப்லைட்டில் படம் மினுக்கலாம்.

பகலில் ஊர்வலம் மட்டும் போதுமென்றால் சோனி. பாட்டும் மேளமும் பேரப்பிள்ளைகள் கேட்கவேண்டுமென்றால் கேனான், கூடவே ஒரு சின்ன மைக்.