ஆயிரம் லிட்டர் கூண்டுத் தொட்டி: தோட்ட வேலைக்கு வண்டியில் ஏற்றிப் பார்த்த அனுபவம்

குழாய் எட்டாத இடங்களில் நட்ட மரக்கன்றுகளுக்கும் புதிதாகப் பதித்த புல்தரைக்கும் தண்ணீர் கொண்டுபோவதற்காக, இரும்புக் கூண்டுக்குள் அமர்ந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். வணிகத்தில் இதை ஐபிசி தொட்டி என்பார்கள். பம்ப்பும் குழாயும் நானே பொருத்தி, ஒரு நடவுக் காலம் முழுவதும் டிரெய்லரில் ஏற்றிப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். தொட்டி நல்ல தொட்டிதான். நான்தான் அதன் கொள்ளளவைப் பார்த்து மயங்கி, தண்ணீரின் எடையைக் கணக்கில் கொள்ளாமல் வாங்கிவிட்டேன்.

அடித்தளம் 1200 மில்லிமீட்டர் நீளமும் 1000 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. வெறும் தொட்டி சுமார் 60 கிலோ இருப்பதால் இருவர் சேர்ந்தால் ஏற்றி இறக்கிவிடலாம். மேலே கை நுழையும் அளவுக்கு அகன்ற மூடியும், அடியில் 50 மில்லிமீட்டர் வால்வும் உண்டு. பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டியோ தகரத்தைப் பற்றவைத்தோ செய்யும் தொட்டிகளோடு ஒப்பிட்டால், பாதி வேலை முடிந்த நிலையிலேயே இது கைக்கு வருகிறது என்பதுதான் இதன் பெரிய வசதி.

பழைய தொட்டி வாங்குபவர் முதலில் விசாரிக்க வேண்டியது, அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பதைத்தான். எனக்கு விற்றவர் "சர்க்கரைப் பாகு" என்றார்; ஆனால் மூன்று முறை கழுவிய பிறகும் நுரை வந்துகொண்டே இருந்தது. கூண்டில் உள்ள தகட்டில் 31எச்ஏ1 என்ற குறியீடு இருந்தால், ஆபத்தான திரவங்களை ஏற்றிச் செல்லவும் அந்த வகைத் தொட்டிக்குச் சான்று உண்டு என்றுதான் பொருள். உள்ளே இருந்தது என்ன என்பதை அது சொல்லாது. ஆகவே தொட்டியில் இரண்டு நாள் தேங்கிய நீரை ஒரு சட்டியிலும் சாதாரணக் குழாய் நீரை இன்னொரு சட்டியிலும் ஊற்றிப் பயறு விதைத்தேன். இரண்டு வாரம் கழித்து இரண்டிலும் இலைகள் ஒன்றுபோல விரிந்திருந்ததைப் பார்த்த பிறகே கன்றுகளுக்கு அந்த நீரைப் பாய்ச்சினேன். களைக்கொல்லி இருந்த தொட்டி என்றால் இந்தச் சோதனைக்குக்கூட இடமில்லை, வாங்கவே கூடாது.

வால்வின் வாய் ஒரு தனித் தொல்லை. அதன் மரை மிகவும் கரடானது. கடைகளில் கிடைக்கும் சாதாரணக் குழாய் மரை அதில் ஏறாது. டெஃப்லான் டேப்பைப் பத்துச் சுற்றுச் சுற்றி வேறொரு இணைப்பை முறுக்கிப் பார்த்ததில் வண்டித் தளம் நனைந்ததுதான் மிச்சம். இந்தத் தொட்டிக்கென்றே வரும் அடாப்டரை வாங்கி, ரப்பர் வாஷர் சமமாக அமரும்படி கையால் மட்டும் இறுக்கியபோது ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

தொட்டி உயரத்தில்தானே இருக்கிறது, தண்ணீர் தானாகவே பாயும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் உயரத்து நீருக்குத்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒரு மீட்டருக்கு அதில் பத்தில் ஒரு பங்கே. அரை அங்குல ஹோஸ் நீளமாக இருந்தால், கடைசிக் கன்றுக்குப் போய்ச் சேர்வது விரல் பருமன்கூட இல்லாத ஒழுக்குதான். நிமிடத்துக்கு 17 லிட்டர் தரும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் ஒன்றையும் அதற்கு முன்னால் ஒரு சிறு வடிகட்டியையும் பொருத்திய பிறகு, 15 லிட்டர் கொள்ளும் கன்றுக்குழி ஒரு நிமிடத்துக்குள் நிரம்பியது.

பம்ப் வைத்த முதல் நாளிலேயே ஒரு பாடம் கிடைத்தது. மேல்மூடியை இறுக மூடியபடி ஓட்டியதால் காற்று உள்ளே போக வழியின்றி, சிறிது நேரத்தில் டம் என்ற ஓசையுடன் தொட்டியின் ஒரு பக்கம் உள்வாங்கியது. மூடியைத் திருகியதும் பெருமூச்சுவிட்டதுபோலப் பழைய நிலைக்குத் திரும்பியதால் பிழைத்தேன். இப்போது மூடியில் துளையிட்டு, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு ஒரு வளைகுழாய் பொருத்தி, கொசு புகாதபடி வலையும் கட்டியிருக்கிறேன்.

இனி எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது பள்ளியில் படித்ததுதான் என்றாலும், ஒரு டன் பின்னால் வருகிறது என்பதை உடம்பு உணர்வது முதல் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதுதான். என் டிரெய்லர் தாங்கக்கூடிய சுமை 750 கிலோ. அதனால் தொட்டியை மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி ஓட்டினேன். அது முழுத் தொட்டியைவிட மோசமாக இருந்தது. வளைவில் திரும்பியதும் நீர் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, வண்டி நேரான பிறகும் அரை நொடி தாமதமாக மறுபக்கம் மோதித் தள்ளியது. நிறுத்தத்தில் நின்ற பிறகும் வண்டியை யாரோ முன்னும் பின்னும் அசைப்பதுபோல இருந்தது. ராட்செட் பெல்ட்டுகளை எவ்வளவு இறுக்கினாலும் அவை கூண்டைத்தான் பிடிக்கும். உள்ளே அலையும் நீரை எதுவும் பிடிக்காது. தடுப்புப் பலகை வைக்கலாம் என்றால் அந்த மூடி வழியாகப் பலகை நுழையாது. ஆகவே இந்தத் தொட்டியை முழுதாக நிரப்பித் தாங்கக்கூடிய வண்டி உள்ளவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். அவர்களும் பாதியில் திரும்ப நேர்ந்தால், எஞ்சிய நீரை ஏதாவது ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு வருவது நல்லது.

வெள்ளைப் பிளாஸ்டிக் வெளிச்சத்தை உள்ளே விடுவதால் வெயில் காலத்தில் பாசி பிடித்து வடிகட்டியை அடைக்கிறது. அடித்த கறுப்புப் பெயிண்ட் சில வாரங்களில் தோல்தோலாக உரிந்து வந்தது; தார்ப்பாய் உறை தைத்துப் போட்டதும் தொல்லை தீர்ந்தது.

இதே வகையில் 640 லிட்டர் தொட்டி ஒன்றும் கிடைக்கிறது. அதன் அடித்தளம் 1200க்கு 800. முழுதாக நிரப்பி, பம்ப்பும் பேட்டரியும் சேர்த்தாலும் என் டிரெய்லரின் வரம்புக்குள் அடங்கியது. சென்ற மாதம் அதற்கு மாறிவிட்டேன். ஒரு நடைக்கு நாற்பது கன்றுகளுக்குச் சற்று மேல் நனைகின்றன. வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்கிறது. பெரிய தொட்டி வேலையிடத்தில் தரையில் நிற்கிறது, சேமிப்புக்கு அதைவிட நல்ல பொருளை நான் பார்க்கவில்லை.