வேலை போன பிறகு: இன்னொரு கம்பெனியா, சொந்தமா பவர் டேபிளா?

திருப்பூரில் ஏழு வருஷம் மெர்ச்சண்டைசராக (ஆர்டரைப் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று முடித்துக் கொடுப்பவராக) இருந்த ஏற்றுமதி கம்பெனியிலிருந்து 2023இல் ஒரு வியாழக்கிழமை மதியம் என்னை அனுப்பிவிட்டார்கள். ஒரு ஆர்டரில் துணி லாட்டுக்கு லாட் ஷேடு மாறி, திரும்பச் சாயம் ஏற்றி முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது, சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. பாதித் தவறு என்னுடையதுதான். லேப் டிப் (சாயம் ஏற்றிய சின்ன மாதிரித் துண்டு) ஒப்புதல் வந்ததோடு விட்டுவிடாமல் ஆர்டருக்கான மொத்தத் துணியை, அதாவது பல்க் துணியை, நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. "எதுக்குங்க மாப்ள இன்னொருத்தருகிட்டப் போய்க் கை கட்டி நிக்கோணும், நாலு மிஷினப் போட்டு உக்காருங்க" என்றார் மாமனார். மனைவி எதிர்த்துப் பேசவில்லை, சீட்டு, பள்ளிக் கட்டணம், வண்டி டியூ மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி என் முன்னால் வைத்தாள். நம்ம ஊரில் சொந்தத் தொழிலுக்கு இருக்கிற மரியாதை சம்பளத்துக்குக் கிடையாது, அதுவும் வேலை போனவனுக்கு ரோஷம் தலைக்கேறி நிற்கிற நேரத்தில் மாமனார் சொன்னது தேனாக இனித்தது. ஆனாலும் நான் கரூரில் ஒரு வீட்டு ஜவுளி கம்பெனிக்குப் போனேன். எனக்கு நாலு மாசம் முன்னால் வேறொரு கம்பெனியில் இதேபோல் வெளியே வந்த என் நண்பன் பெருமாநல்லூர் பக்கம் எட்டு பழைய மிஷின்களோடு பவர் டேபிள், அதாவது பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்னத் தையல் யூனிட், போட்டான். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டதால் சொல்கிறேன்.

முதலில் பணம். எனக்குச் சம்பளம் பழையதைவிட ஆறாயிரம் குறைந்தது, அது வலித்தது, ஆனால் ஏழாம் தேதி வந்துவிடும். அவனுக்கு வேலை இரண்டாவது வாரமே வந்துவிட்டது, பணம்தான் வரவில்லை. டெய்லருக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை அந்த மிஷினில் ஆள் இருக்காது, ஆர்டர் கொடுத்த கம்பெனியோ அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று இழுக்கும். உத்யம் என்கிற மத்திய அரசுப் பதிவு வைத்திருக்கிற சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது, தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவுக்குப் பைசா செலவில்லை. ஆனால் வேலை கொடுக்க இருக்கிறதே ஒரே ஒரு பார்ட்டி என்றால் அவர் மேல் எப்படி மனு கொடுப்பது? என் நண்பன் கொடுக்கவில்லை, மனைவியின் நகையை வைத்தான். பவர் டேபிள் போட மிஷின் விலையைக் கணக்குப் போடுகிறவர்கள் அதோடு மூன்று மாசக் கூலியையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், இது இல்லாமல் இறங்காதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வேன்.

அடுத்தது பெயர். திருப்பூர் சின்ன ஊர், மெர்ச்சண்டைசர் ஒருத்தன் எதற்காக வெளியே வந்தான் என்பது மறுநாளே டையிங்காரர் வரைக்கும் தெரிந்துவிடும். முதல் இரண்டு இண்டர்வியூவில் "நானாகத்தான் நின்னுட்டேங்க" என்றேன், இரண்டு இடத்திலும் போன் போட்டு விசாரித்துவிட்டார்கள். கரூர் இண்டர்வியூவில், நடந்ததை நடந்தபடி சொன்னேன்: இன்ன தப்பு, என் பங்கு இவ்வளவு, இப்போது பல்க் துணியில் லாட்டுக்கு லாட் ஷேடு பேண்ட் (ஷேடை ஒப்பிட்டுப் பார்க்க வெட்டி எடுக்கிற துண்டுகள்) வாங்காமல் கட்டிங்குக்கு விடுவதில்லை. கேட்டவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் ஷேடு பேண்டைப் பற்றியே பத்து நிமிஷம் கேட்டார். சொந்தமாகப் போட்டவனிடம் யாரும் பழைய கதை கேட்பதில்லை, பீஸ் சரியாக வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் பவர் டேபிளுக்குத்தான் என் ஓட்டு. மனசுக்கு அது சீக்கிரம் ஆறுதல் தருகிறது, அவன் முகத்தில் நான் அதைப் பார்த்தேன்.

ஊரையும் சரக்கையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டது எனக்குக் கைகொடுத்தது. கரூரில் பெட் ஷீட், டேபிள் கிளாத், கிச்சன் டவல் எல்லாம் நெசவுத் துணி, பனியன் துணியில் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) மட்டும் பார்த்துப் பழகியவன் ரீட், பிக் (நெடுக்கு, குறுக்கு இழை நெருக்கம்) என்று முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. ஆனால் சாம்பிள், ஒப்புதல், டெலிவரி தேதி, பையருக்கு மெயில் போடுவது எல்லாம் அதே வேலைதான், அதனால் ஆறே மாசத்தில் நிமிர்ந்துவிட்டேன். விலையாகக் கொடுத்தது வீட்டைத்தான். சனிக்கிழமை ராத்திரி வெள்ளக்கோவில், காங்கேயம் வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்கும்போது பையன் தூங்கியிருப்பான்.

சந்தை விழும்போது என்ன ஆகிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது முதலில் காலியானது கூலிக்கு வேலை செய்து கொடுக்கிற ஜாப் ஒர்க்காரர்கள்தான் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு மொத்தம் 50 சதவீத வரி போட்டபோது அதைக் கண்ணால் பார்த்தேன். பெரிய கம்பெனிகள் வெளியே கொடுக்கிற வேலையை முதலில் நிறுத்தி, இருக்கிற பீஸைத் தங்கள் சொந்த மிஷினில் ஓட்டின. என் நண்பனுக்குச் சில வாரம் எட்டு மிஷினில் மூன்றுதான் ஓடியது. எங்கள் கம்பெனியிலும் ஓவர்டைம் போனது, இன்கிரிமெண்ட் இல்லை, ஆனால் சம்பளம் வந்தது.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு யோசனையாக வந்தது. தண்ணி இருக்கிற, கடன் இல்லாத தென்னந்தோப்பு என்றால் சரி, எங்களுடையது அப்படி இல்லை.

எந்தப் பக்கம் போனாலும் காகிதத்தை விட்டுவிடாதீர்கள். என்னிடம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு, "தானா நின்னவங்களுக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) வராதுங்க" என்றார் கணக்குப் பிள்ளை. அது தப்பு, ஐந்து வருஷம் முடித்தவர் தானாக விலகினாலும் கிராஜுவிட்டி உண்டு. அப்போது இருந்த கணக்குப்படி கடைசி பேசிக்கும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்ததை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். 18,000 ரூபாய்க்கு ஏழு வருஷம் என்றால் சுமார் 72,700. எழுதிக் கேட்டேன், வந்தது. பி.எஃப் பணத்தை நான் எடுக்கவில்லை, அதே யுஏஎன்னில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப் எண்) மாற்றிக்கொண்டேன், ஏனென்றால் பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேண்டும், எனக்கு ஏழு இருந்தது. என் நண்பனுக்கு மூன்றரை வருஷம்தான். ஐந்து வருஷம் ஆகாமல் எடுத்தால் வரி உண்டு என்று தெரியாமல் எடுத்து மிஷினில் போட்டான், வரிப் பிடித்தம் போகத்தான் கைக்கு வந்தது. பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் இழுத்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாசத்திலிருந்து இரண்டு மாசம் கழித்து நாமே யுஏஎன் தளத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ஆக, வேலை போன சூட்டில் பவர் டேபிள் போடுவதை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஒன்றுக்கு இரண்டு பார்ட்டியாவது முன்னமே வாய்விட்டு வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்தால் தவிர. அவனுக்கு ஒன்றுதான் இருந்தது. இப்போது அவனிடம் மூன்று பார்ட்டி, அதில் ஒன்று உள்நாட்டு பனியன், நகையையும் திருப்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே போய் அவனுக்கு டெலிவரி ஷெட்யூல் எழுதிக் கொடுக்கிறேன், அவன் வீட்டில் டீ வரும். பக்கத்து ஷெட் காலியாக இருக்கிறது என்று போன வாரம் காட்டினான். வாடகை கேட்டு வைத்திருக்கிறேன், கரூர் வேலையை விடவில்லை.